சத்தம் எப்போது வருகிறது? – வாகனப் பகுதி: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காரில் கேட்கும் சத்தத்தையும் நடுக்கத்தையும் பற்றியவை. சத்தம் எப்படி இருக்கிறது என்பதை வாசகர்கள் மிக அழகாக எழுதியிருக்கிறார்கள். ‘தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுவது போல’ என்கிறார் ஒருவர்; ‘மாவு மில்லுக்குப் பக்கத்தில் நிற்பது போல’ என்கிறார் இன்னொருவர். ஆனால் அது எப்போது வருகிறது என்று எழுதியவர்கள் மூன்று நான்கு பேர்தான். பட்டறையில் நிற்பவனுக்கு முதலில் வேண்டியது அந்த ‘எப்போது’. இன்ஜின் வேகத்தோடு கூடிக் குறைகிறதா, சக்கரத்தின் வேகத்தோடு கூடிக் குறைகிறதா, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டுமா, பிரேக் மிதிக்கும்போது மட்டுமா, காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, வண்டி சூடேறிய பிறகா என்பது தெரிந்துவிட்டால் பாதி வண்டியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். ஆகவே இந்த முறை, எப்போது என்பதைச் சொன்ன கடிதங்களையே தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

ஐயா, என்னுடையது மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார். வாங்கி ஆறு ஆண்டுகள், 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஓடும்போது எந்தக் குறையும் இல்லை. சிக்னலில் நியூட்ரலில் நிற்கும்போது, அதிலும் ஏ.சி. போட்டிருந்தால், ஸ்டீயரிங்கும் இருக்கையும் உதறுகின்றன. ஸ்பார்க் பிளக்குகளை மாற்றி, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும் சுத்தம் செய்தார்கள், மாற்றமில்லை. இப்போது இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் மூன்றையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், திருப்பூர்

மாற்றுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். இன்ஜினே ஒழுங்கில்லாமல் ஓடுகிறதா, அல்லது ஒழுங்காக ஓடும் இன்ஜினின் அதிர்வு தடுக்கப்படாமல் உங்கள் இருக்கைவரை வந்து சேர்கிறதா? இரண்டும் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுபோலத்தான் தோன்றும். வைத்தியம் மட்டும் வேறு வேறு. உங்கள் வண்டிக்கு இதுவரை முதல் நோய்க்கான மருந்தைக் கொடுத்துவிட்டு, குணமாகவில்லை என்றவுடன் இரண்டாவது நோய்க்கான அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். இடையில் யாரும் நாடி பிடித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு இயல்பாகவே கொஞ்சம் நடுக்கம் உண்டு. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிகிறது. நிமிடத்துக்கு 800 சுற்று என்ற ஐடிலிங் வேகத்தில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓடும் வேகம்), நான்கு சிலிண்டர் இன்ஜின் நொடிக்கு 26 அல்லது 27 முறை எரியும்போது மூன்று சிலிண்டர் இன்ஜின் 20 முறைதான் எரிகிறது. உந்துதல்களுக்கு நடுவே இடைவெளி கூடுவதால் ஒவ்வொன்றும் தனித்தனியாக உறைக்கிறது. தவிர, முன்னும் பின்னுமாக இன்ஜின் ஆடும் ஒரு போக்கும் அந்த அமைப்பிலேயே இருக்கிறது. வண்டி வாங்கிய நாளிலிருந்தே இந்த உதறல் இருந்திருந்தால் கவலை வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். ஆனால் இது புதிதாக வந்தது என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன்.

இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஏ.சி.யை அணைத்துவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் அது 700-க்கும் 850-க்கும் இடையில் அசையாமல் நிற்க வேண்டும். முள் ஆடினாலோ, உதறல் சீராக இல்லாமல் நடுநடுவே தடுக்கி விழுவதுபோல் இருந்தாலோ, இன்ஜின் ஒழுங்காக ஓடவில்லை என்று பொருள். பழைய மெக்கானிக்குகள் சைலன்சர் குழாயின் வாய்க்கு அருகே ஒரு காகிதத்தைப் பிடித்துப் பார்ப்பார்கள். புகை ஒரே சீராகத் தள்ளினால் காகிதம் படபடத்துக்கொண்டு வெளியே நிற்கும். ஏதோ ஒரு சிலிண்டர் எரியத் தவறினாலோ வால்வு சரியாக மூடாவிட்டாலோ அவ்வப்போது உள்ளே இழுபடும். தீர்ப்புச் சொல்ல இது போதாது, ஆனால் செலவில்லாத சோதனை.

முள் அசையாமல் நிற்கிறதென்றால் இப்போது ஏ.சி.யைப் போடுங்கள். கம்ப்ரசர் சேரும் நொடியில் அதன் சுமையை இன்ஜின் தாங்க வேண்டும். அதற்காகக் கட்டுப்பாட்டுக் கணினி, காற்று உள்ளே போகும் வழியில் இருக்கும் த்ராட்டிலைச் சிறிது திறந்து, ஐடிலிங் வேகத்தைக் குறையவிடாமல் பிடிக்கிறது. பல வண்டிகளில் சற்று உயர்த்தவும் செய்கிறது. உங்கள் வண்டியில் முள் உயராமல் 600, 650 என்று கீழே இறங்கினால், குற்றவாளி மவுண்டிங் இல்லை. த்ராட்டில் பாடியின் தகட்டைச் சுற்றிக் கரி படிந்து, ஐடிலிங்கில் போக வேண்டிய அந்தச் சிறிய அளவு காற்றின் வழி அடைபட்டிருக்கும். நகர நெரிசலிலேயே ஓடும் வண்டிக்கு 58,000 கிலோமீட்டரில் இது மிகச் சாதாரணம். அதைச் சுத்தம் செய்வது எளிய வேலைதான். ஆனால் மின்னணு த்ராட்டில் உள்ள வண்டியில், சாவியைப் போட்டுவைத்த நிலையில் தகட்டைக் கையால் தள்ளித் திறக்கக் கூடாது, உள்ளிருக்கும் மோட்டாரும் பற்சக்கரமும் கெடும். சுத்தம் செய்த பிறகு ஐடிலிங் அளவைக் கணினிக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய வண்டிகளும் உண்டு. அந்த வேலையைச் செய்யாமல் அனுப்பிவிட்டால், ‘சுத்தம் செய்த பிறகு ஐடிலிங் ஏறிக்கொண்டது’ என்று இன்னொரு கடிதம் எழுத நேரும்.

ஏ.சி. போட்டும் முள் சரியான இடத்தில் அசையாமல் நிற்க, உதறல் மட்டும் கூடுகிறதென்றால் அப்போது மவுண்டிங்கைப் பார்ப்பது நியாயம். பானெட்டைத் திறந்து வைத்து, கைப்பிரேக்கையும் கால் பிரேக்கையும் நன்றாகப் பிடித்துக்கொண்டு, அனுபவமுள்ள ஒருவர் முதல் கியரிலும் பிறகு ரிவர்ஸிலும் கிளட்சை ஓர் இழை மட்டும் விடட்டும். இன்ஜின் லேசாகச் சாய்வது இயல்பு. எழும்பி விழுந்து ‘டொம்’ என்று உட்கார்ந்தால் அந்தப் பக்கத்து ரப்பர் போய்விட்டது. பார்ப்பவர் வண்டியின் பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்னாலோ பின்னாலோ ஒருபோதும் நிற்கக் கூடாது. ரப்பரில் வெடிப்பு, உள்ளே திரவம் நிரப்பிய வகையாக இருந்தால் எண்ணெய்க் கசிவு ஆகியவை கண்ணுக்கே தெரியும். கெட்டதை மாற்றுங்கள். பார்க்காமலே ‘மூன்றையும்’ என்று சொல்பவரிடம், எது கெட்டது என்று காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு, நானே ஒரு முறை இரண்டு நாள் தேடித் தோற்ற விஷயம் அது. வேறு வேலைக்காக இன்ஜினை இறக்கி ஏற்றிய ஒரு வண்டியில், ஏ.சி. குழாய் ஒன்று அதன் கிளிப்பிலிருந்து விலகி பாடியின் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. மவுண்டிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும், இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உலோகம் உலோகத்தைத் தொட்டால் அதிர்வு அந்த வழியாக நேரே உள்ளே வந்துவிடும். ஐந்து ரூபாய் கிளிப்பில் அது தீர்ந்தது. உங்கள் வண்டியிலும் குழாய்களும் ஹோஸ்களும் எங்கேனும் உரசுகின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

மழை காரணமாக இருபது நாள் வண்டியை எடுக்கவில்லை. எடுத்தபோது ‘மிஸ்ஸிங்’ அடிக்கிறது, பிக்கப் இல்லை. இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு சில நேரம் எரிகிறது, சில நேரம் கண் சிமிட்டுகிறது. இப்படியே 60 கிலோமீட்டர் ஓட்டி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகலாமா?
– வாசகி, நாகர்கோவில்

வேண்டாம். அந்த விளக்கு நிலையாக எரிவதற்கும் சிமிட்டுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. நிலையாக எரிந்தால் ஒரு பழுது பதிவாகியிருக்கிறது, சீக்கிரம் காட்டுங்கள் என்று பொருள். சிமிட்டினால், இந்த நொடியே சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அதன் உட்பகுதி அளவுக்கு மீறிச் சூடாகி உருகிவிடலாம். பிளக்குக்கு மின்சாரம் தரும் ஒரு காயிலோ ஒரு பிளக்கோ கேட்கும் செலவைவிடப் பல மடங்கு அது கேட்கும். மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள்; முடியாவிட்டால் கட்டி இழுத்துப் போங்கள்.

அவர் வருவதற்கு முன் பானெட்டைத் திறந்து எலி வந்துபோன தடயம் இருக்கிறதா என்று பாருங்கள். நின்ற வண்டி, மழைக்காலம், கதகதப்பான இன்ஜின் அறை. எலிக்கு இதைவிட நல்ல வீடு அமையாது. புழுக்கை, கொறித்த கொட்டை, இழுத்துப்போட்ட பஞ்சு, நுனி மழுங்கிய ஒயர் என்று ஏதாவது இருக்கும். இன்ஜெக்டருக்கோ காயிலுக்கோ போகும் ஓர் ஒயர் அறுந்தாலே ஒரு சிலிண்டர் முழுவதும் நின்றுபோகும். (புகையிலைக் கொத்து கட்டித் தொங்கவிட்டால் எலி வராது என்பதை நான் நம்பியதில்லை. அந்தக் கொத்தின் மேலேயே கூடு கட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.)

எலி இல்லையென்றால் அடுத்தது ஸ்கேனர். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் அதைச் செருகினால் பழுதின் எண் வரும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர் தவறுகிறது. பி0300 என்றால் தவறுதல் ஒரே சிலிண்டரில் நிற்காமல் மாறி மாறி வருகிறது. இந்த எண் எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. எந்த அறையில் அடுப்பு அணைந்தது என்று மட்டுமே சொல்கிறது. முதல் சிலிண்டர் என்று வந்தால், இன்ஜினை அணைத்துவிட்டு, முதல் சிலிண்டரின் காயிலையும் மூன்றாவதன் காயிலையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். பிறகு பழுது பி0303 என்று மாறினால் காயில்தான்; அதே இடத்தில் நின்றால் பிளக்கை அதேபோல் மாற்றிப் பார்க்கலாம்; அதற்கும் அசையவில்லையென்றால் இன்ஜெக்டர், அதன் ஒயர், கடைசியாகக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் அழுத்தம். புதிய பாகம் ஒன்றுகூட வாங்காமல் செய்யக்கூடிய சோதனை இது.

பிளக்கைக் கழற்றும்போது அதன் நுனியை நீங்களும் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறமாக இருந்தால் நலம். உலர்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது தீப்பொறி போதவில்லை. எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருந்தால் இன்ஜின் ஆயில் உள்ளே இறங்குகிறது. வெள்ளையாக வெளுத்திருந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பிளக் இருக்கும் குழியில் மழைநீர் தேங்கியிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். எல்லாப் பிளக்குகளும் நன்றாக இருந்து, எல்லாச் சிலிண்டர்களும் தவறினால் டாங்கில் உள்ள பெட்ரோலைச் சந்தேகப்படுங்கள். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். டாங்கில் தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து, பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அந்த அடிப்பகுதியைத்தான்.

நிறுவனமே பொருத்தித் தந்த சி.என்.ஜி. கார். கேஸில் ஓடும்போது ஐடிலிங்கில் குலுங்குகிறது. பெட்ரோலுக்கு மாற்றினால் சீராகிவிடுகிறது. கேஸ் கிட் கெட்டுவிட்டதா?
– வாசகர், சென்னை

உங்களிடம் இரண்டு எரிபொருள் இருப்பதே ஒரு சோதனைக் கருவி. மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை. பெட்ரோலில் சீராக ஓடுவதால் மவுண்டிங், த்ராட்டில் பாடி இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். ஆனால் ‘கேஸில் மட்டும் வருகிறது, ஆகவே கேஸ் கிட்’ என்ற முடிவுக்கு அவசரப்பட்டுப் போக வேண்டாம். இயற்கை எரிவாயுவைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக மின்னழுத்தமுள்ள தீப்பொறி வேண்டும். பாதி தேய்ந்த பிளக்கும் களைத்துப்போன காயிலும் பெட்ரோலில் எப்படியோ சமாளித்துவிடும், கேஸில் காட்டிக்கொடுத்துவிடும். எனவே முதலில் உங்கள் வண்டிக்குச் சொல்லப்பட்ட அதே வகைப் பிளக்கை, சொல்லப்பட்ட இடைவெளியோடு போட்டுப் பாருங்கள். அடுத்து ஏர் ஃபில்டர், அதற்கடுத்து கேஸ் ஃபில்டர். இவற்றுக்குப் பிறகுதான் கேஸ் இன்ஜெக்டரும் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரும் வருகின்றன. நிரப்பிய சிலிண்டரில் அழுத்தம் 200 பார் அளவில் இருக்கும் என்பதால் அந்தப் பக்கத்துக் குழாய்களைத் தெருமுனைப் பட்டறையில் கழற்ற அனுமதிக்காதீர்கள்.

சில மாதங்களில் பெட்ரோலிலும் குலுங்கத் தொடங்கினால், வால்வும் அதன் இருக்கையும் தேய்ந்து, வால்வை அழுத்தும் டப்பெட்டின் இடைவெளி குறைந்திருக்கலாம். வாயுவில் ஓடும் இன்ஜின்களில் இது கூடுதலாக வருவதுண்டு.

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ‘கீச்ச்’ என்று ஊரே திரும்பிப் பார்க்கும் சத்தம். இரண்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒருபோதும் வருவதில்லை. ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று அனுப்பிவிடுகிறார்கள்.
– வாசகர், கோத்தகிரி

குளிரும் பனி ஈரமும் உள்ள ஊரில் இது பெரும்பாலும் ஆல்டர்னேட்டரையும் மற்றவற்றையும் சுழற்றும் பெல்ட்தான். ஸ்டார்ட் செய்தவுடன் பேட்டரியை நிரப்ப ஆல்டர்னேட்டர் கூடுதல் சுமையைப் போடும், ஈரமான பெல்ட் அந்தச் சுமையில் நழுவிக் கத்தும், காய்ந்தவுடன் அமைதியாகிவிடும். சத்தம் வரும்போது, கையையும் துணியையும் தூர வைத்துக்கொண்டு, பெல்ட்டின் பல் உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீரைத் தெளியுங்கள். சத்தம் சிறிது நேரம் நின்று மீண்டும் வந்தால், பெல்ட் தேய்ந்திருக்கிறது அல்லது ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் இன்னும் கூடினால் பெல்ட் தளர்ந்து நழுவுகிறது; பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பார்க்க வேண்டும். தண்ணீருக்கு எந்த மாற்றமும் இல்லாமல் ஒரே ராகத்தில் ஊளையிட்டால் புல்லியின் பேரிங்கோ ஆல்டர்னேட்டர் பேரிங்கோ ஆகலாம். அதைக் கண்டுபிடிக்க நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை ஒவ்வொன்றின் உறைமீதும் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்கும் பழைய முறையை மிஞ்ச எதுவும் இல்லை. மருத்துவர்களின் ஸ்டெதாஸ்கோப்பைப் போலவே இதற்கென்று விற்கும் கருவியும் உண்டு. சுழலும் பாகத்தில் ஸ்குரூ டிரைவர் பட்டுவிடக் கூடாது என்பதால் பழக்கமில்லாதவர்கள் முயல வேண்டாம்.

பட்டறையில் ஏன் வருவதில்லை என்பதற்கு விடை எளிது. நீங்கள் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் நோய் மறைந்துவிடுகிறது. முந்தைய நாள் மாலையே வண்டியை அங்கே விட்டுவிட்டு வாருங்கள். மறுநாள் காலை உங்கள் முன்னிலையில்தான் முதல் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கைப்பேசியில் பதிவு செய்வதானால், ஆர்.பி.எம். முள்ளும் சத்தமும் ஒரே படத்தில் வருமாறு எடுங்கள். வெறும் பானெட்டைக் காட்டும் ஒளிப்பதிவால் பயன் குறைவு.

பெங்களூரு நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. 100-ஐத் தாண்டினால் குறைகிறது. இரண்டு முறை வீல் அலைன்மென்ட் பார்த்தாகிவிட்டது.
– வாசகர், சேலம்

அலைன்மென்ட்டை மூன்றாவது முறை பார்த்தாலும் இது தீராது. அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். நடுக்கத்துக்கு அது காரணமாவது அரிது. உங்களுக்கு வேண்டியது பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமமாக்குவது. இரண்டையும் ஒரே கடையில் ஒரே பில்லில் போடுவதால் பலரும் ஒன்றாகவே நினைத்துவிடுகிறார்கள்.

165/80 ஆர்14 என்ற சாதாரண அளவு டயரை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர். 80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 11 முதல் 14 முறை சுற்றுகிறது. சக்கரமும் அதைத் தாங்கும் பாகங்களும் இயல்பாகத் துள்ளும் வேகமும் நொடிக்கு 10 முதல் 15 முறை என்ற அளவில்தான் இருக்கிறது. ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்ப ஒரு விரலால் தள்ளினாலே உயரப் போவதுபோல, இரண்டும் ஒத்துப்போகும் வேகத்தில் சிறு குறையும் பெரிதாகத் தெரியும். அந்த வேகத்தைத் தாண்டினால் அடங்கும். நீங்கள் சொன்ன அதே அடையாளம். ரிம்மின் விளிம்பில் 30 கிராம் எடை ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒவ்வொரு சுற்றிலும் நான்கு கிலோவுக்கும் மேற்பட்ட விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கும். 50-இல் அந்த விசை நான்கில் ஒரு பங்காகிவிடுவதால் ஊருக்குள் உங்களுக்குத் தெரிவதில்லை.

பேலன்சிங்குக்கு முன் ரிம்மின் உள்பக்கத்தில் சேறு அப்பியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்த சேறே சில சமயம் முழுக் காரணம். இயந்திரத்தில் சுழலும்போது ரிம் நெளிந்து ஆடுகிறதா, டயரில் எங்கேனும் புடைப்பு இருக்கிறதா என்பதையும் பக்கத்தில் நின்று கவனியுங்கள். நெளிந்த ரிம்முக்கு எவ்வளவு ஈயம் ஒட்டினாலும் இயந்திரம் சுழியைக் காட்டலாம். சாலையில் நடுக்கம் அப்படியே இருக்கும். நடுக்கம் ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன் சக்கரம், இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால் பின் சக்கரம் என்பது பெரும்பாலும் பொருந்தும்.

வெறிச்சோடிய நேரான சாலையில், அந்த வேகத்தில் கிளட்சை ஓரிரு நொடி மிதித்துப் பாருங்கள். இன்ஜின் வேகம் இறங்கியும் நடுக்கம் தொடர்ந்தால் இன்ஜினுக்கு இதில் பங்கில்லை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் நடுங்கி, காலை எடுத்தால் நின்றால், இன்ஜினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயின்ட்டைப் பாருங்கள். பிரேக் மிதிக்கும்போது மட்டும் என்றால் டிஸ்க்கின் தடிமன் ஒரே சீராக இல்லை.

60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ‘ம்ம்ம்’ என்று விமானம் போவதுபோன்ற இரைச்சல். டயரா, பேரிங்கா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

தார்ச் சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு மாறும்போது இரைச்சலின் குரல் மாறினால் டயர். சாலை மாறியும் குரல் மாறாமல், வளைவில் மட்டும் கூடிக் குறைந்தால் பேரிங். இடப்பக்கம் வளையும்போது வண்டியின் எடை வலச் சக்கரங்களின் மேல் சாயும். அப்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங். பிறகு வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றியபடி இன்னொரு கையைச் சுருள்வில்லின்மேல் வைத்தால், கெட்ட பேரிங்கின் கரகரப்பு வில்லின் வழியாகக் கையில் ஏறும். தள்ளிப்போட வேண்டாம், முற்றினால் சக்கரமே ஆடத் தொடங்கிவிடும்.

சென்னையில் ஒரு பழைய காரை மலிவாக வாங்கினேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் அது நின்றது என்று இப்போதுதான் தெரிகிறது. இன்ஜினில் ‘டக் டக்’ என்று சத்தம். ‘டப்பெட்தான், ஆயில் மாற்றினால் போதும்’ என்று விற்றவர் சொல்கிறார்.
– வாசகர், காஞ்சிபுரம்

டப்பெட்டாகவே இருந்தால் உங்களுக்கு நல்ல காலம். முதலில் டிப் ஸ்டிக்கை உருவி ஆயில் அளவைப் பாருங்கள். குறைவாக இருந்தாலே டப்பெட் பேசும். ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அதோடு இன்ஜினை ஓட்டவே கூடாது.

சத்தத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட், இன்ஜினின் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பாதி வேகத்தில்தான் சுழல்கிறது. ஆகவே டப்பெட் சத்தம் மெலிதாக, தையல் இயந்திரம்போல், இன்ஜினின் மேல்பகுதியிலிருந்து, சற்று நிதானமான தாளத்தில் வரும். பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் போயிருந்தால் சத்தம் கனமாக, அடிப்பகுதியிலிருந்து, கதவை முட்டியால் தட்டுவதுபோல் வரும். சுமை ஏறினால் கூடும். ஐடிலிங்கில் ஒவ்வொரு சிலிண்டரின் இன்ஜெக்டர் இணைப்பையும் ஒவ்வொன்றாக, இன்ஜினை அணைத்து எடுத்துவிட்டு, மீண்டும் சில நொடிகள் ஓட்டிக் கேட்கச் சொல்லுங்கள். எரிதலின் அடி விழாதபோது, கெட்ட ராடின் சத்தம் அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் சட்டென்று அடங்கும். டப்பெட் சத்தம் அப்படி அடங்காது.

வெள்ளத்தில் நின்ற வண்டியில் எனக்கு உள்ள பெரிய அச்சம் வேறு. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. தண்ணீர் புகுந்த சிலிண்டரோடு யாராவது ஸ்டார்ட் செய்திருந்தால், மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி, கனெக்டிங் ராட் வளைந்திருக்கலாம். லேசாக வளைந்தால் வண்டி அன்றே நின்றுவிடாது. பிஸ்டன் முழு உயரம் வராததால் அந்தச் சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைந்து, ஐடிலிங்கில் குலுங்கிக்கொண்டே மாதக்கணக்கில் ஓடும். பிறகு ஒரு நாள் ராட் முறிந்து பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். எல்லாச் சிலிண்டர்களுக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்து, அளவுகளை எழுதி வாங்குங்கள். ஒன்று மட்டும் தெளிவாகக் குறைந்திருந்தால், கேமராக் குழாயை விட்டு ஒவ்வொரு பிஸ்டனும் எவ்வளவு உயரம் வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள். ‘டக் டக்’ சத்தத்தோடு சிவப்பு ஆயில் விளக்கும் எரிந்தால், ஓரம் கட்டிய அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

யூ டர்ன் எடுக்கும்போது மட்டும் முன் சக்கரத்தில் ‘டக டக டக’.
– வாசகர், மதுரை

டிரைவ் ஷாஃப்ட்டின் வெளிப்பக்க ஜாயின்ட். ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போயிருக்கும். ரிம்மின் உள்பக்கத்தில் கிரீஸ் தெறித்திருந்தால் உறுதி. சத்தம் வந்த பிறகு பூட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஜாயின்ட்டையே மாற்ற வேண்டும். எதிர்ப்பக்கத்துப் பூட்டையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். அது வெடிக்கத் தொடங்கியிருந்தால், கிரீஸ் உள்ளே இருக்கும்போதே மாற்றினால் அந்த ஜாயின்ட் பிழைத்துக்கொள்ளும்.